குவிவு நிகழ்வெண்: ட்யூஷன்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

சாயங்காலம் ட்யூஷன் எடுக்கிறேன், ஒன்பதாவதுல இருந்து காலேஜ் ஃபர்ஸ்ட் இயர் வரைக்கும் பசங்க வர்றாங்க. இந்த ஒரு டாபிக்ல மட்டும் வருஷா வருஷம் அதே சந்தேகம் அதே தப்பு, வாட்ஸ்அப்ல தனித்தனியா டைப் பண்ணி கை வலிச்சுப்போய் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுடலாம்னு உட்கார்ந்தேன்.

குவிவு நிகழ்வெண்னா என்னங்க, ஒரே வரியில?

"இதுவரைக்கும் மொத்தம் எத்தனை?" அவ்வளவுதான். நிகழ்வெண் "இங்க எத்தனை பேர்"னு சொல்லும், குவிவு நிகழ்வெண் "இங்க வரைக்கும் எத்தனை பேர்"னு சொல்லும். ரேஷன் கடை க்யூவுல உங்களுக்கு முன்னாடி எத்தனை பேர்னு தெரிஞ்சா உங்க டர்ன் எப்ப வரும்னு கணக்குப் போட்டுடுவீங்கல்ல, அந்தக் கணக்குதான் இது.

ஒவ்வொரு புக்லயும் ஒவ்வொரு பேர் போட்டிருக்கே?

ஆமா, அது ஒரு தலைவலி. குவிவு நிகழ்வெண்ணும் குவிவு அலைவெண்ணும் ஒண்ணுதான். இலங்கைப் புத்தகத்துல படிக்கிறவங்களுக்கு நிகழ்வெண் மீடிறன் ஆயிடும், குவிவு நிகழ்வெண் திரட்டு மீடிறன் ஆயிடும். கிளாஸ்ல எல்லாரும் குமுலேட்டிவ் ஃப்ரீக்வன்சியைச் சுருக்கி "சி.எஃப்."னுதான் சொல்றோம், நானும் கீழ அப்படியேதான் எழுதப்போறேன்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு எக்சாம்பிள் காட்டுங்க.

காலையில ஒரு இட்லிக் கடையில 30 பேர் சாப்பிட்டாங்க, யார் எத்தனை இட்லி வாங்கினாங்கன்னு எண்ணியாச்சுன்னு வச்சுக்கோங்க.

2 இட்லி: 6 பேர், சி.எஃப். 6
3 இட்லி: 9 பேர், சி.எஃப். 15
4 இட்லி: 8 பேர், சி.எஃப். 23
5 இட்லி: 4 பேர், சி.எஃப். 27
6 இட்லி: 3 பேர், சி.எஃப். 30

முதல் வரிக்கு இருக்கிற நிகழ்வெண்ணை அப்படியே எழுதிக்கணும். அதுக்கப்புறம் மேல இருக்கிற சி.எஃப்.போட இந்த வரியோட நிகழ்வெண்ணைக் கூட்டிக்கிட்டே இறங்கணும், 6, அதோட 9 சேர்த்தா 15, அதோட 8 சேர்த்தா 23, இப்படியே. 23-க்கு அர்த்தம் "நாலு இட்லியோ அதுக்குக் குறைவாவோ சாப்பிட்டவங்க 23 பேர்". நாலு இட்லி சாப்பிட்டவங்க 23 பேர்னு படிச்சீங்கன்னா கதையே மாறிடும்.

செக் பண்றது ஈஸி. கடைசி சி.எஃப். மொத்த எண்ணிக்கைக்குச் சமமா இருக்கணும், நடுவுல எங்கயும் குறையக் கூடாது. ஒரு வரியில நிகழ்வெண் சைபரா இருந்தா மேல இருந்த நம்பரே கீழயும் வரும், அது தப்பில்ல, பதறி அழிக்காதீங்க.

இதுல மீடியன் எவ்வளவு? நான் 3-னு போட்டேன், ஃப்ரெண்டு 4-னு போட்டான்.

ரெண்டும் தப்பு. இந்தக் கேள்விக்காகத்தான் அந்த இட்லி நம்பரையே நான் இப்படி வச்சேன்.

30 பேரையும் இட்லிக் கணக்குப்படி வரிசையா நிக்க வச்சா நடுவுல நிக்கிறது 15-ஆவது ஆளும் 16-ஆவது ஆளும். சி.எஃப்.ல 15 எங்க முடியுது? 3 இட்லியில. அப்ப 15-ஆவது ஆள் 3 இட்லி. 16-ஆவது ஆள் அடுத்த வரிக்குப் போயிட்டார், அவர் 4 இட்லி. ரெண்டுக்கும் நடுவுல 3.5, அதுதான் இடைநிலை அளவு. அரை இட்லி யார் சாப்பிடுவான்னு சிரிக்காதீங்க, மீடியன் தட்டுல இருக்கணும்னு எந்த ரூலும் இல்ல.

சில கைடுல "மொத்தத்துல பாதியை விடக் கொஞ்சம் பெரிய சி.எஃப். எதுவோ அதுக்கு நேரா இருக்கிறதுதான் மீடியன்"னு ஒரு ஷார்ட்கட் போட்டிருப்பாங்க, உங்க ஃப்ரெண்டுக்கு 4 வந்தது அதுலதான். மத்த நேரம் அந்த ஷார்ட்கட் ஓடும், ஆனா மொத்தம் இரட்டைப்படையா இருந்து அதோட பாதி ஒரு சி.எஃப்.ல கரெக்டா போய் உட்கார்ந்துச்சுன்னா காலை வாரிவிட்டுடும். ஆட்களை நிக்க வச்சுப் பாருங்க, ஃபார்முலாவே வேண்டாம்.

மார்க் 0-10, 10-20னு பிரிவு பிரிவா குடுத்தா என்ன பண்றது?

சி.எஃப். போடுறதுல ஒரு வித்தியாசமும் இல்ல. 50 மார்க் டெஸ்ட், 40 பசங்கன்னு எடுத்துக்குவோம்.

0-10: 3 பேர், சி.எஃப். 3
10-20: 7 பேர், சி.எஃப். 10
20-30: 12 பேர், சி.எஃப். 22
30-40: 10 பேர், சி.எஃப். 32
40-50: 8 பேர், சி.எஃப். 40

இருபது வாங்கினவன் எந்தப் பிரிவுன்னு ஒருத்தன் கேப்பான். இந்த மாதிரி எழுதினா மேல் எல்லை அந்தப் பிரிவுல சேராது, 20 வாங்கினவன் 20-30லதான். கடைசிப் பிரிவு மட்டும் விதிவிலக்கு, 50-க்கு 50 வாங்கினவனை வெளிய தள்ளவா முடியும்.

மீடியனுக்கு ஃபார்முலா: கீழ் எல்லை + (மொத்தத்துல பாதி − முந்தின பிரிவோட சி.எஃப்.) ÷ அந்தப் பிரிவோட நிகழ்வெண் × பிரிவோட அகலம். பாதி 20. சி.எஃப். 10-ல நின்னு 22-க்குத் தாவுது, அப்ப 20-ஆவது இடம் 20-30 பிரிவுக்குள்ள. 20 + (20 − 10) ÷ 12 × 10 = 28.33.

தப்பு எங்க நடக்குதுன்னா, முந்தின பிரிவோட சி.எஃப். போட வேண்டிய இடத்துல அதே பிரிவோட சி.எஃப். 22-ஐப் போட்டுடுவாங்க. 20 − 22 மைனஸ்ல போகும், விடை 20-க்குக் கீழ இறங்கி பிரிவை விட்டே வெளிய வந்துடும், அதைப் பார்த்தாவது சந்தேகம் வரணுமில்ல, வராது, கட்டம் கட்டி விடைன்னு எழுதிட்டுப் போய்டுவாங்க.

இந்த 28.33 உண்மையான மீடியனா?

இல்ல, மதிப்பீடு. 20-30க்குள்ள இருக்கிற 12 பேரும் சமமாப் பரவி நிக்கிறாங்கன்னு ஃபார்முலா நம்பிக்குது. நிஜத்துல அந்த 12 பேரோட மார்க் 20, 21, 21, 22, 22, 23, 23, 24, 24, 25, 26, 29னு இருந்துச்சுன்னா? மொத்த வரிசையில 20-ஆவது, 21-ஆவது ஆளுங்க இந்தக் கும்பல்ல 10-ஆவதும் 11-ஆவதும், அதாவது 25-உம் 26-உம், உண்மையான மீடியன் 25.5. கிட்டத்தட்ட மூணு மார்க் வித்தியாசம். பிரிவா சுருக்கினப்பவே அந்த விவரம் தொலைஞ்சு போச்சு, ஃபார்முலா அதை எங்க இருந்து திருப்பிக் கொண்டுவரும். பரீட்சைக்கு 28.33 எழுதுங்க. வேலைக்குப் போனப்புறம் கையில முழு டேட்டா இருக்கிறப்ப இந்த ஃபார்முலா பக்கமே போகாதீங்க.

1-10, 11-20னு குடுத்தா?

பத்துக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு, அதை அடைக்கணும். கீழ 0.5 கழிச்சு மேல 0.5 கூட்டி 0.5-10.5, 10.5-20.5னு மாத்திக்குங்க, ஃபார்முலாவுல கீழ் எல்லைன்னு 11 போகாது, 10.5தான் போகும்.

வயசுக்கு மட்டும் ஜாக்கிரதை. 10-19 வயசுன்னா அது 19.5-ல முடியாது, இருபதாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள் வரைக்கும் எல்லாரும் "19"தான் சொல்லுவாங்க, அதனால நிஜமான மேல் எல்லை 20. இதைப் பல கைடு கண்டுக்கிறதே இல்ல.

லெஸ் தேன், மோர் தேன் ரெண்டும் எதுக்கு?

மேல நாம போட்டது லெஸ் தேன், "இதுக்குக் கீழ எத்தனை பேர்". மோர் தேன் தலைகீழ், "இதுவும் இதுக்கு மேலயும் எத்தனை பேர்". கீழ இருந்து கூட்டிக்கிட்டு மேல வரணும், இல்லன்னா மொத்தத்துல இருந்து கழிச்சுக்கிட்டு இறங்கணும். நம்ம டெஸ்டுக்கு 0-வும் மேலயும் 40, 10-உம் மேலயும் 37, 20-உம் மேலயும் 30, 30-உம் மேலயும் 18, 40-உம் மேலயும் 8.

எது தேவைங்கிறது கேள்வியைப் பொறுத்தது. ஃபெயிலானவங்க எத்தனைன்னா லெஸ் தேன், டிஸ்டிங்ஷன் எத்தனைன்னா மோர் தேன். சொல்லப்போனா சி.எஃப்.பை கிராஃபா வரையறது ஆரம்பிச்சதே மோர் தேன்லதான். பிரெஞ்சுக் கணித மேதை ஃபூரியே, அதே ஃபூரியர் சீரிஸ் ஃபூரியே, 1821-ல பாரிஸ் மக்கள் தொகையை வச்சு "இந்த வயசும் இதுக்கு மேலயும் எத்தனை பேர்"னு ஒரு வளைவு போட்டார். அதுக்கு ஓஜைவ்னு கட்டடக்கலையில இருந்து பேரை எடுத்து வச்சது இங்கிலாந்து அறிஞர் கால்டன், 1875-ல. சர்ச் ஜன்னல் வளைவுக்கு வச்ச பேரு நம்ம கிராஃப் ஷீட்டுக்கு வந்திருக்கு.

ஓஜைவ் வரையறப்ப புள்ளி எங்க வைக்கணும்?

லெஸ் தேனுக்கு மேல் எல்லையில, மோர் தேனுக்குக் கீழ் எல்லையில. பிரிவோட நடுவுல வைக்கவே கூடாது.

நானே இதுல மார்க்கைக் கோட்டை விட்டவதான், ப்ளஸ் டூல நிகழ்வெண் பலகோணம் (அதுக்குப் புள்ளி பிரிவோட நடுவுலதான்) வரைஞ்ச கையோட ஓஜைவும் நடுப்புள்ளியிலயே வரைஞ்சு வச்சு அஞ்சு மார்க் கேள்வியில ஒரு மார்க் தான் கிடைச்சுது, அன்னைக்கு யாரும் காரணம் சொல்லல, "தப்பு"ன்னு சுழிச்சதோட சரி. காரணம் இதுதான்: 10-20 பிரிவோட சி.எஃப். 10 பேர், அந்தப் பத்துப் பேரும் 20-க்குக் கீழதான்னு உறுதியாச் சொல்லலாம், ஆனா பத்துப் பேரும் 15-க்குக் கீழன்னு சொல்ல முடியுமா? முடியாது, சிலர் 18 வாங்கியிருப்பான். நடுவுல வச்சா முழு வளைவும் அஞ்சு மார்க் இடது பக்கம் நகர்ந்து மீடியன் 23.33-னு வந்து நிக்கும்.

நம்ம டெஸ்டுக்கு லெஸ் தேன் புள்ளிகள் 10-க்கு 3, 20-க்கு 10, 30-க்கு 22, 40-க்கு 32, 50-க்கு 40. ஆரம்பம் 0-க்கு 0, அதை நிறையப் பேர் மறந்துட்டு அந்தரத்துல இருந்து ஆரம்பிப்பாங்க. மோர் தேனையும் அதே ஷீட்ல வரைஞ்சா ரெண்டும் வெட்டிக்கிற இடத்துல இருந்து எக்ஸ் அச்சுக்குக் கோடு இறக்குங்க, 28 பக்கத்துல விழும், மீடியன். ஏன் அங்க வெட்டிக்குதுன்னா அந்த இடத்துல கீழ 20 பேர் மேல 20 பேர், ரெண்டு பக்கமும் சமம்.

கால்மானமும், அதாவது மொத்தத்துல கால் பங்கும் முக்கால் பங்கும் முடியுற இடம், இதுலயே கிடைக்கும். ஒய் அச்சுல 10-ல இருந்து படுக்கையா கோடு போட்டா முதல் கால்மானம் 20, 30-ல இருந்து போட்டா மூணாவது 38.

பிரிவுகளோட அகலம் வேற வேறயா இருந்தாலும் ஓஜைவ் கவலைப்படாது, ஹிஸ்டோகிராம்ல உயரத்தை அட்ஜஸ்ட் பண்ணணுமே அந்தத் தொல்லை இங்க இல்ல. "60-க்கு மேல"னு வால் திறந்த பிரிவு இருந்தாலும் பெரும்பாலும் மீடியன் எடுத்துடலாம், சராசரிதான் அங்க மாட்டிக்கும்.

கேள்வியிலேயே "10-க்குக் கீழ 3, 20-க்குக் கீழ 10, 30-க்குக் கீழ 22..."னு குடுத்திருக்கு. இதுக்கு மறுபடி சி.எஃப். போடணுமா?

ஐயோ வேண்டாம்! அது ஏற்கனவே சி.எஃப்., வேஷம் போட்டுக்கிட்டு வந்திருக்கு. "கீழ", "குறைவாக", "மேல", "குறைந்தபட்சம்" இதுல எது கண்ணுல பட்டாலும் நின்னு யோசிங்க. அதை நிகழ்வெண்ணுன்னு நினைச்சு 3 + 10 + 22 + 32 + 40 = 107 பேர்னு எழுதினவங்களை நான் பார்த்திருக்கேன், 40 பேர் இருக்கிற கிளாஸ்ல 107 பேர், ஒரே ஆளை அஞ்சு தடவை எண்ணினா அப்படித்தான் வரும்.

நிகழ்வெண் வேணும்னா பக்கத்துப் பக்கத்து சி.எஃப்.பைக் கழிங்க. 10 − 3 = 7, 22 − 10 = 12. விடுபட்ட நிகழ்வெண் கண்டுபிடிக்கச் சொல்ற கேள்விக்கும் பாதி வேலை இதுதான்.

அப்ப சி.எஃப்.பை எப்பவுமே கூட்டக் கூடாதா?

கூட்டலாம், ஒரு அழகான இடம் இருக்கு. இட்லிக் கடைக்கே திரும்பிப் போவோம், இந்தத் தடவை மோர் தேன். குறைஞ்சது 1 இட்லி சாப்பிட்டவங்க 30 பேர், குறைஞ்சது 2-உம் 30, குறைஞ்சது 3 சாப்பிட்டவங்க 24, 4-க்கு 15, 5-க்கு 7, 6-க்கு 3. கூட்டுங்க: 30 + 30 + 24 + 15 + 7 + 3 = 109.

இப்ப நேர் வழியில மொத்த இட்லி: 12 + 27 + 32 + 20 + 18 = 109. அதேதான்! மாஸ்டர் எல்லாரோட தட்டுலயும் முதல் இட்லி வச்சுட்டு வர்றார், 30 போச்சு, ரெண்டாவது ரவுண்டுல 30, மூணாவது ரவுண்டுல வேணும்னவங்க 24, அப்படியே ரவுண்டு ரவுண்டா எண்ணினா மொத்த இட்லி வந்துதானே ஆகணும். 109 ÷ 30, தலைக்கு 3.63 இட்லி. இங்க ஒரே ஆளை அஞ்சாறு தடவை எண்ணுறோம்தான், ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரு இட்லிக்காக எண்ணுறோம், அதான் வித்தியாசம்.

இதெல்லாம் பரீட்சை தாண்டி எங்கயாவது யூஸ் ஆகுமா?

சிவில் இன்ஜினியரிங் படிக்கிற பசங்க கிட்ட கேளுங்க. கான்க்ரீட்டுக்குப் போற மணலைச் சல்லடையில சலிப்பாங்க, மேல 4.75 மில்லிமீட்டர், அதுக்குக் கீழ 2.36, 1.18, அப்புறம் 600 மைக்ரான், 300, 150, அடியில ஒரு தட்டு. ஆட்டி முடிச்சு ஒவ்வொரு சல்லடையிலயும் தங்கினதை எடை போடுவாங்க. 500 கிராம் மணல்ல வரிசையா 20, 60, 100, 120, 100, 70 கிராம் தங்கி தட்டுல 30 கிராம் விழுந்துச்சுன்னா, குவிவு சதவீதம் 4, 16, 36, 60, 80, 94. இந்த ஆறையும் கூட்டி 100-ஆல வகுத்தா 290 ÷ 100 = 2.90, இதுக்குப் பேர்தான் ஃபைன்னெஸ் மாடுலஸ். தட்டுல விழுந்ததை இதுல சேர்க்கக் கூடாது. நம்பர் ஏற ஏற மணல் பெருசு, 2.9 வந்தா நடுத்தர மணலோட மேல் விளிம்பு.

கவனிச்சீங்களா, இது இட்லிக் கணக்கேதான், சி.எஃப்.பைக் கூட்டினா சராசரி. 2.90னா கீழ இருந்து எண்ணினா சராசரி மணல் கிட்டத்தட்ட மூணாவது சல்லடை, 600 மைக்ரான். லேப்ல ரெண்டு வருஷம் இதைப் போட்ட ஒரு பையனுக்கு நான் சொல்ற வரைக்கும் இது சராசரின்னே தெரியல, "ஃபார்முலாக்கா, கூட்டி நூறால வகுக்கணும்"னான்.

பர்சன்டைலும் இதுவும் ஒண்ணா?

சி.எஃப்.பை மொத்தத்தால வகுத்து 100-ஆல பெருக்கினா பர்சன்டைல் மாதிரிதான், நூற்றுமானம்னு புக்ல இருக்கும். நல்ல உதாரணம் ஜேஇஇ மெயின். அந்தப் பரீட்சையை நடத்துற என்டிஏ என்ன பண்றாங்கன்னா, அந்த ஷிஃப்ட்ல உங்க மார்க்கும் அதுக்குக் கீழயும் வாங்கினவங்க எத்தனை பேரோ அதை எழுதின மொத்தப் பேரால வகுத்து நூறால பெருக்கிடுறாங்க, சுத்தமான லெஸ் தேன் சி.எஃப்.! ஒரு ஷிஃப்ட்ல 1,00,000 பேர் எழுதி உங்களோட சேர்த்து உங்க மார்க்கோ குறைவோ வாங்கினவங்க 98,700 பேர்னா உங்க பர்சன்டைல் 98.7. நிறையப் பேர் ஒரே இடத்துல குவியக் கூடாதுன்னு தசமத்துக்கு அப்புறம் ஏழு இலக்கம் வரைக்கும் போறாங்க.

அதனால 100 பர்சன்டைல்னா முழு மார்க்குன்னு அர்த்தம் கிடையாது, அந்த ஷிஃப்ட்ல அவருக்கு மேல யாருமில்ல, அவ்வளவுதான். சொந்தக்காரங்க கல்யாண வீட்டுல "98 பர்சன்டேஜாமே"ன்னு கேக்கிறப்ப இதை விளக்க முயற்சி பண்ணாதீங்க, நான் பண்ணிப் பார்த்துட்டேன்.

கட்சி வாரியா ஓட்டு, கலர் வாரியா கார், இதுக்கெல்லாம் சி.எஃப். போடலாமா?

போட்டா நம்பர் வரும், அர்த்தம் வராது. சிவப்பு 5, நீலம் 8, வெள்ளை 12, "நீலம் வரைக்கும் 13"னா என்ன? கலருக்கு முன்னும் பின்னும் கிடையாது. வரிசை இருக்கணும். கிரேடு, சட்டை சைஸ் மாதிரி வரிசை இருந்தா தாராளமா போடலாம்.

அதே மாதிரி கடையோட தினசரி விற்பனையைக் கூட்டிக்கிட்டே போறது ரன்னிங் டோட்டல், அதுல ரூபாயைக் கூட்டுறோம், சி.எஃப்.ல எண்ணிக்கையைக் கூட்டுறோம். கூட்டுற விதம் ஒண்ணுதான், பேரை மாத்திப் போடாதீங்க.

சதவீதத்துல கேட்டா?

முதல்ல நிகழ்வெண்ணைக் குவிங்க, கடைசியில வகுங்க. முன்னாடியே சதவீதமா ரவுண்டு பண்ணிக் கூட்டினா மூணு சமபங்கு 33.3, 66.6, 99.9-ல வந்து நின்னுடும், மீதி 0.1 எங்கன்னு தேடிக்கிட்டே இருப்பீங்க.

எக்செல்ல எப்படி?

நிகழ்வெண் பி காலம்ல பி2-ல இருந்து இருக்குன்னா சி2-ல = பி2, சி3-ல = சி2 + பி3, அப்புறம் சி3-யோட மூலையைப் பிடிச்சுக் கீழ இழுங்க, முடிஞ்சுது. சிலர் சம் ஃபங்ஷன்ல முதல் செல்லை மட்டும் டாலர் குறி போட்டுப் பூட்டி அதை இழுப்பாங்க, அதுவும் சரிதான், பத்தாயிரக்கணக்குல வரி இருந்தா மட்டும் ஃபைல் திணறும். பைத்தான்ல பாண்டாஸ் தெரிஞ்சவங்களுக்கு கம்சம்னு ரெடியாவே இருக்கு.

ஒண்ணே ஒண்ணு, சி.எஃப். போடுறதுக்கு முன்னாடி ஏ காலம் சின்னதுல இருந்து பெருசா இருக்கான்னு பார்த்துக்குங்க. போன மாசம் ஒரு பொண்ணு ப்ராஜெக்ட் ஷீட் அனுப்பிச்சு, 100-110 பிரிவு 20-30க்கு மேல போய் உட்கார்ந்திருந்துச்சு, பிரிவுப் பேரை எக்செல் டெக்ஸ்ட்டா எடுத்து அகர வரிசையில அடுக்கிடுச்சு. கடைசி நம்பர் மொத்தத்துக்குச் சரியா டேலி ஆனதால அவளுக்குச் சந்தேகமே வரல, மீடியன் மட்டும் எங்கயோ போயிருந்துச்சு. பக்கத்துல ஒரு காலம் போட்டு கீழ் எல்லையை மட்டும் நம்பரா டைப் பண்ணி அதை வச்சு சார்ட் பண்ணச் சொன்னேன், ரெண்டு நிமிஷத்துல சரியாயிடுச்சு.